செம்மண்ணும் மெட்டல் டிடெக்டரும்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு வாசகர் "பழைய காசு தேட மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா?"ன்னு ஒத்த வரில கேட்டிருந்தார், நானும் "வாங்கலாம், ஆனா சட்டத்தைப் படிச்சுட்டு வாங்குங்க"ன்னு ஒத்த வரில முடிச்சுட்டேன். அதுக்கு வந்த கடிதாசிகளைப் பாத்தா காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு முக்காவாசி செட்டிநாட்டுப் பக்கம்தான். பூட்டிக் கிடக்குற வீடும் பர்மாக் கதையும் தெருவுக்குத் தெரு இருக்குற ஊர்ல இந்த ஆசை வரலன்னாத்தான் ஆச்சரியம். அதனால இந்தத் தடவை முழுக்க இதேதான்.

யூட்யூப்ல வெள்ளைக்காரங்க வயல்ல நடந்து போய் ரோமன் காசா அள்ளுறாங்க. எனக்கும் ஆரம்பிக்கணும்னு ஆசை. ஆன்லைன்ல 6,000 ரூபாய்க்கு மிஷின் இருக்கு, அது போதுமா சார்?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

தம்பி, அந்த வீடியோவை ரசிச்சுட்டு அங்கேயே விட்டுருங்க. இங்கிலாந்துல நிலத்துக்காரர்கிட்ட அனுமதி வாங்கிட்டு தேடுறது சாதாரணம், புதையலுக்குன்னே 1996-ல சட்டம் போட்டு, அடுத்த வருஷமே கிடைச்ச பொருளைப் பதிவு பண்ண ஒரு ஏற்பாடும் ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம ஊர்ச் சட்டம் வேற, அதைக் கீழ கானாடுகாத்தான்காரர் கேள்வில விரிவா சொல்றேன். இப்ப மிஷினுக்கு வருவோம்.

அடியில தட்டு மாதிரி இருக்கே, அதுதான் காயில். அதுக்குள்ள ஒரு சுருள் காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்பிக்கிட்டே இருக்கும், அது ஏதாவது உலோகத்துல பட்டா அந்த உலோகத்துக்குள்ள சின்னதா ஒரு கரண்ட் சுத்தும், அந்தக் கரண்ட் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும், அதை இன்னொரு சுருள் பிடிக்கும். போனதுக்கும் வந்ததுக்கும் நடுவுல எவ்வளவு பின்தங்குதுன்னு கணக்குப் போட்டுதான் இது இரும்பு, இது செம்புன்னு ஸ்க்ரீன்ல நம்பர் காட்டுது. இரும்பு கீழ்க்கோடில, வெள்ளியும் செம்பும் மேல, தங்கம் எங்கேயோ நடுவுல, அந்த நடுவுல தங்கத்தோட ஜோடி போட்டுக்கிட்டு யார் யார் உக்காந்திருக்காங்கன்னு அடுத்த கேள்வில வருது.

இப்ப நம்ம மண்ணு. செட்டிநாட்டு மண்ணு செவப்பா இருக்குறதே அதுல இருக்குற இரும்புனாலதான், அதுலயும் செம்புறாங்கல் கிடக்குற இடம்னா கேக்கவே வேணாம். அந்த இரும்பு சத்து காயிலுக்கு உலோகம் மாதிரியே தெரியும், அதனால மிஷின் ஒண்ணு விடாம கத்திக்கிட்டே இருக்கும், இல்லன்னா மண்ணோட சத்தத்துக்குள்ள காசோட சத்தம் அமுங்கிப் போயிரும். இதுக்குதான் கிரவுண்ட் பேலன்ஸ்னு ஒரு வசதி. உலோகம் இல்லாத ஒரு இடமாப் பாத்து, பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு காயிலைத் தரைக்கு மேல ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி காமிச்சா, "ஓ, இந்த ஊர் மண்ணோட குரல் இதுதான்"னு மிஷின் புரிஞ்சுக்கிட்டு அதைக் கழிச்சுட்டு மிச்சத்தை மட்டும் சொல்லும். பத்தடி தள்ளி மண்ணு நிறம் மாறுச்சுன்னா மறுபடியும் பண்ணணும், சோம்பேறித்தனப்பட்டா அன்னைக்குப் பூரா கல்லுதான் தோண்டுவீங்க.

6,000 ரூபாய் மிஷின்ல இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. பேர் பெத்த கம்பெனியான கேரட்டோட ஏஸ் வரிசைலயே பெரும்பாலும் கம்பெனிக்காரன் வெச்ச செட்டிங்தான், நாம மாத்த முடியாது. அந்த மிஷின் கடற்கரை மேட்டு மணல்லயும் வண்டல்லயும் நல்லா வேலை செய்யும், நம்ம செம்மண்ணுக்குக் கொஞ்சம் தடுமாறும். நோக்டா சிம்ப்ளெக்ஸ் மாதிரி கிரவுண்ட் பேலன்ஸ் பண்ணக்கூடிய ஒண்ணு, இல்ல மைன்லேப் வான்குவிஷ் மாதிரி ஒரே நேரத்துல பல அலைவரிசைல வேலை செய்யுற ஒண்ணு, இந்த ரகத்துல போறதுதான் என் கட்சி. காசு கூடத்தான் ஆகும். செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா பாருங்க, காயில் ஒயர் வெட்டுப்படாம இருக்கான்னு மட்டும் நல்லா பாத்துக்குங்க.

மிஷினைத் தவிர ஒரு பின்பாயிண்டர், அதாங்க குச்சி மாதிரி கைல பிடிச்சு குழிக்குள்ள விட்டுப் பாக்குறது, ஒரு நல்ல ஹெட்போன், ஒரு களைக்கொத்தி. மண்வெட்டி வேணாம், மண்வெட்டியோட போனீங்கன்னா ஊரே கூடிரும்.

வீட்டுக் கொல்லைல துணி காயப்போடும்போது ஒரு வைரத்தோடு விழுந்துருச்சு. கல்யாணத்துக்கு அப்பச்சி வாங்கிப் போட்டது. சல்லடை வெச்செல்லாம் சலிச்சாச்சு, கிடைக்கல. இந்த மிஷின் வைரத்தைக் காட்டுமா?
– ஒரு ஆச்சி, தேவகோட்டை

வைரத்தைக் காட்டாது ஆச்சி, வைரம் உலோகம் இல்லையே. ஆனா அதைக் கட்டியிருக்குற தங்கத்தைக் காட்டும், அதனால மனசை விட்டுறாதீங்க, இந்த மிஷினுக்கு உள்ளபடியே ஏத்த வேலைன்னா அது உங்க வேலைதான், புதையல் எல்லாம் அப்புறம்.

ஒரு சிக்கலை மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். சின்ன தங்கச் சாமானும் ஈயப் பேப்பரும் மிஷினுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மாத்திரை அட்டை, பாக்குப் பொட்டலம், சிகரெட் பெட்டிக்குள்ள இருக்குற பளபளா தாள், கூல்டிரிங்ஸ் டின் வளையம் எல்லாமே தங்கம் காட்டுற அதே நம்பரைக் காட்டும். மிஷின்ல "குப்பையை ஒதுக்கு"ன்னு ஒரு செட்டிங் இருக்கும், வாடகைக்கு எடுத்துட்டு வர்ற பசங்க முதல்ல அதைத்தான் ஆன் பண்ணுவாங்க, ஈயப் பேப்பரை ஒதுக்குறேன்னு உங்க தோட்டையும் சேத்து ஒதுக்கிட்டு "இங்க ஒண்ணும் இல்ல ஆச்சி"ன்னு போயிருவாங்க. அதை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. எல்லா உலோகத்துக்கும் கத்தட்டும், கத்துற இடத்தை எல்லாம் பாக்கட்டும்.

கொல்லையை முழுசா ஒரே மூச்சுல தேடாம, துணிக்கொடிக்கு அடில இருந்து கிணத்தடி வரைக்கும் ரெண்டு பக்கமும் குச்சி நட்டு கயிறு கட்டி, நாலடி அகலத்துக்குப் பட்டை பட்டையாப் பிரிச்சுக்குங்க. காயில் தரையோட உரசுற மாதிரி தாழ இருக்கணும், ரெண்டு ஓரத்துலயும் தூக்கக் கூடாது, புதுசா பிடிக்கிறவங்க எல்லாரும் ஓரத்துல ஊஞ்சல் மாதிரி தூக்கிருவாங்க, அங்கதான் கோட்டை விடுறது. ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சு மேல பாதி ஏறி வரணும். மெதுவா. சத்தம் வந்துச்சுன்னா குறுக்காலயும் ஒரு தடவை வீசிப் பாக்கணும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கத்தினா தோண்டலாம். தோடு விழுந்து ரொம்ப நாள் ஆகலேன்னா ரெண்டு விரக்கடைக்கு மேல ஆழம் போயிருக்காது, அதனால தோண்டவே வேணாம், கையால விலக்கினா போதும். சலிச்சுக் கொட்டின மண்ணு குவியலா கிடந்தா முதல்ல அதைப் பரப்பிப் பாருங்க, அதுக்குள்ளயே கிடந்தாலும் கிடக்கும். கைல இருக்குற இன்னொரு தோட்டை மட்டும் மிஷினுக்குக் காட்டிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க, அது என்ன நம்பர் காட்டுதோ ஏறக்குறைய அதேதான் காணாமப் போனதுக்கும் வரும்.

1992 நவம்பர்ல இங்கிலாந்துல சஃபோக் பக்கம் ஹாக்ஸன்னு ஒரு கிராமத்துல ஒரு விவசாயி வயல்ல சுத்தியலைத் தொலைச்சுட்டார், தேடிக் குடுப்பான்னு மெட்டல் டிடெக்டர் வெச்சிருந்த கூட்டாளியைக் கூப்பிட்டார். அவர் தேடப் போன இடத்துல கிடைச்சது ரோமன் காலத்துத் தங்கமும் வெள்ளியுமா ஏறக்குறைய 15,000 காசு, நகை, கரண்டி. கொஞ்சம் எடுத்துப் பாத்த உடனே தோண்டுறதை நிறுத்திட்டு தகவல் சொல்லிட்டாங்க, தொல்லியல்காரங்க வந்து முறையா எடுத்தாங்க. சுத்தியலும் கிடைச்சுருச்சு, அதுவும் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துலதான் இருக்கு. தொலைஞ்ச சாமானைத் தேடப் போறதுல ஒரு குறைச்சலும் இல்லேங்குறதுக்காகச் சொன்னேன்.

எங்க ஐயா 1942-ல ரங்கூன்ல இருந்து திரும்பி வந்தப்ப வெள்ளி ரூபாயைக் குடத்துல போட்டு வீட்டுக்குள்ளயே எங்கேயோ பதிச்சு வெச்சார்னு எங்க அப்பத்தா சொல்லிக்கிட்டே இருக்கும். வீடு பூட்டியே கிடக்கு. மிஷின் வெச்சு இரண்டாங்கட்டைத் தேடலாமா? எங்க வீடுதானே, யாரைக் கேக்கணும்?
– பெயர் வேண்டாம், கானாடுகாத்தான்

யாரைக் கேக்கணுமா? முதல்ல பங்காளிகளை.

இது வேடிக்கைக்குச் சொல்லல. நம்ம பக்கத்து வீடு எத்தனை பேர் பேர்ல இருக்குன்னு உங்களுக்கே தெரியும், ஒரு பங்கு சென்னைல, ஒரு பங்கு கோலாலம்பூர்ல, ஒரு பங்கு அமெரிக்காவுல, சாவி மட்டும் உங்க கைல. பொங்கலுக்கு வெள்ளையடிக்கவே எல்லார்கிட்டயும் போன் போட்டுப் பேசுற இடத்துல தளத்தைப் பேக்குறதுக்கு எழுத்துல சம்மதம் வாங்காம கை வெச்சா, குடம் கிடைக்குதோ இல்லையோ கோர்ட் கேஸ் கட்டாயம் கிடைக்கும்.

அடுத்து சட்டம். 1878-ம் வருஷத்து இந்திய புதையல் சட்டம் இன்னைக்கும் நடப்புல இருக்கு. அதுல புதையல்னா மண்ணுக்குள்ள மறைஞ்சிருக்குறது மட்டும் இல்ல, மண்ணோட சேந்து நிக்கிற எதுக்குள்ள மறைஞ்சிருந்தாலும் புதையல்தான், அதாவது உங்க வீட்டு சுவரும் தளமும் கணக்குல சேத்தி. மதிப்பு 10 ரூபாய்க்கு மேல போனாலே கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும், என்ன கிடைச்சுது, எவ்வளவு, எங்க, என்னைக்குன்னு. 1878-ல போட்ட அந்த 10 ரூபாய் அப்படியே நிக்குது, இன்னைக்கு டீக்குக் கூடப் பத்தாத காசு, அதனால எது கிடைச்சாலும் இதுக்குள்ள வந்துரும்னு வெச்சுக்குங்க. பொருளைப் பக்கத்துல இருக்குற அரசு கருவூலத்துல கட்டணும், இல்ல கேக்குறப்ப கொண்டுவந்து காட்டுறேன்னு ஜாமீன் குடுக்கணும். அப்புறம் கலெக்டர் அறிவிப்பு போட்டு, உரிமை கேக்குறவங்க வரட்டும்னு மாசக்கணக்குல டைம் குடுத்து விசாரிப்பார்.

இதுல உங்களுக்கு முக்கியமான இடம் எதுன்னா, 100 வருஷத்துக்குள்ள யாரோ மறைச்சு வெச்சதுன்னும், அவரோ அவர் வாரிசோ உரிமை கேக்குறாங்கன்னும் கலெக்டருக்குத் தோணுச்சுன்னா, சிவில் கோர்ட்டுக்குப் போய் நிரூபிங்கன்னு விசாரணையைத் தள்ளி வைப்பார். 1942-ல உங்க ஐயா வெச்சதுன்னா அது இந்த 100 வருஷத்துக்குள்ள வருது. ஐயாவோட பழைய கணக்கு நோட்டு, கடிதாசி, பேரேடு எதுலயாவது இதைப் பத்தி ஒரு வரி இருந்தாலும் பத்திரமா எடுத்து வைங்க, மிஷினை விட அது பெரிய உதவி. சொந்தக்காரங்க யாரும் இல்லாத புதையல்னு முடிவானா, முன்னாடியே வேற ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்துல கண்டுபிடிச்சவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசாங்கமே வேணும்னு நினைச்சா மதிப்புக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு சேத்துக் குடுத்து எடுத்துக்கலாம். தெரிவிக்காம அமுக்கினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், பங்கும் போயிரும். எடுத்து வித்துட்டு மாட்டிக்கிட்டவங்க கதை பேப்பர்ல அப்பப்ப வருது, பாத்திருப்பீங்க.

தேடுறது சுலபம்னும் நினைக்காதீங்க. மேல இரும்பு உத்திரம், ஜன்னலுக்கு ஜன்னல் இரும்புக் கம்பி, கதவுல பித்தளைக் குமிழ், சுவத்துல பழைய ஒயரிங் குழாய். எது பக்கத்துல போனாலும் மிஷின் கத்தும். இந்தச் சங்கடம் இன்னைக்கு நேத்து வந்தது இல்ல, 1881-ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டப்ப உடம்புக்குள்ள இருந்த குண்டைத் தேட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் ஒரு உலோகம் காட்டுற கருவி செஞ்சு கொண்டு போனார், கடைசில குண்டு அகப்படல, கட்டில்ல இருந்த இரும்பு ஸ்பிரிங் குழப்பிருச்சுன்னு சொல்வாங்க. தேடுறதா இருந்தா சின்ன காயில் போட்டு, சென்சிடிவிட்டியைப் பாதிக்குக் குறைச்சு, மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு தேடுங்க. தரைல பதிச்சிருக்குற ஆத்தங்குடிக் கல்லை மட்டும் தயவு பண்ணி உடைச்சுறாதீங்க. அந்த நாள் கல்லோட நிறத்துக்கு ஒத்தக் கல்லு மாத்தி வெச்சாலும் சேராது.

பூட்டிக் கிடக்குற வீடுன்னு எழுதியிருக்கீங்க. உள்ள போறதுக்கு முன்னாடி டார்ச்சும் பூட்ஸும் போட்டுக்குங்க, பாம்பு குடியிருக்கும்.

100 அடி ஆழத்துல தங்கம் இருந்தாலும் காட்டுற ஜெர்மன் மிஷின்னு ஒருத்தர் 3 லட்சம் கேக்குறார். பாதி அட்வான்ஸ். நம்பலாமா?
– வியாபாரி, புதுவயல்

வேணாம்ணே.

காசு அளவு பொருளுக்கு ஆழம் ரெண்டு மடங்கானா திரும்பி வர்ற சிக்னல் ஏறக்குறைய 64-ல ஒரு பங்கா சுருங்கிரும். நல்ல மிஷினே ஒரு ரூபாய் காசை முக்கால் அடி, மிஞ்சிப் போனா ஒரு அடி ஆழத்துலதான் பிடிக்கும், பெரிய குடம் மாதிரி சாமானுக்குன்னு தனியா பெரிய காயில் இருக்கு, அதுவும் சில அடிதான். 100 அடி, தூரத்துல இருந்தே தங்கம் இருக்குற திசையைக் காட்டும், ரெண்டு கம்பி தானா திரும்பும், இதெல்லாம் இரிடியம் கலசம், அரிசி இழுக்குற சொம்பு, இருதலை மணியன் பாம்பு விக்கிறவங்க குடும்பத்துச் சரக்கு. டெமோ காட்டுறேன்னு அவரே ஒரு இடத்தைக் காட்டி அங்க இருந்து எதையாவது எடுத்துக் குடுப்பார், நீங்க சொல்ற இடத்துல, நீங்களே ராத்திரி புதைச்ச சாமானை எடுக்கச் சொல்லுங்க, வர மாட்டார்.

போன்ல மெட்டல் டிடெக்டர் ஆப் இருக்கே, அது போதாதா?
– பத்தாம் வகுப்பு மாணவி, கோட்டையூர்

போன்ல இருக்குறது திசைகாட்டிக்கு வெச்ச காந்த சென்சார், அது இரும்பை மட்டும்தான் உணரும், அதுவும் கிட்டக்க கொண்டு போனாத்தான். தங்கம், வெள்ளி, செம்பு எதுவும் அதுக்குத் தெரியாது. சுவத்துக்குள்ள ஆணி எங்க இருக்குன்னு பாக்கலாம்மா, படம் மாட்ட உதவும்.

சித்திரைல எங்க ஊர் ஊருணி வத்தி வெடிச்சுக் கிடக்குது. அந்தக் காலத்துல எல்லாரும் குளிச்ச இடம், மோதிரம் கீதிரம் நிறைய கிடக்கும். தேடலாமா? அப்படியே கோயில் குளத்தையும் ஒரு கை பாக்கலாமான்னு கூட்டாளிங்க சொல்றாங்க.
– நண்பர்கள் குழு, பள்ளத்தூர்

நினைப்பு சரிதான், குளிக்கிற இடம் நகை தொலையுற இடம். ஆனா ஊருணி உங்க இடம் இல்ல. பெரும்பாலும் புறம்போக்கு, பஞ்சாயத்துப் பொறுப்புல இருக்கும், சில ஊர்ல நகரத்தார் பொதுவுல வெட்டிவிட்டது. தலைவர்கிட்டயும் வி.ஏ.ஓ.கிட்டயும் எழுத்துல கேட்டு, பகல்ல, பத்துப் பேர் பாக்குற மாதிரி போங்க. பல ஊர்ல முடியாதுன்னுதான் சொல்வாங்க, மண்ணு திருடுற கேஸா இருக்குமோன்னு பயம் அவங்களுக்கு. ஊருணி தூர்வார ஆள் சேக்குறப்ப நீங்களும் கூடப் போய் நின்னா கேட்ட உடனே சரிம்பாங்க, அதை விடச் சுலபமான வழி எனக்குத் தெரியல. தோண்டுன குழியை மூடணும், மாடு கால் வைக்கிற இடம். எடுத்த ஆணி, பிளேடு, தகரம் எல்லாத்தையும் பைல போட்டு வெளிய கொண்டு வந்துருங்க.

கோயில் குளம், கோயில் நிலம் பக்கமே போகாதீங்க. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டின்னு எந்தக் கோயிலா இருந்தாலும் சரி. குளத்துல போட்ட காசு சாமிக்குப் போட்டது, அது ஒண்ணு. தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்குற இடத்துல அனுமதி இல்லாம தோண்டுறது குற்றம், அது இன்னொண்ணு. கீழடி நம்ம சிவகங்கை மாவட்டம்தானே, அங்க 2014-ல மத்திய தொல்லியல் துறை ஆரம்பிச்சு அப்புறம் மாநிலத் துறை எடுத்துச் செய்யுது, அந்த மாநிலத் துறையே ஒவ்வொரு தடவையும் மத்திய அனுமதி வாங்கிட்டுத்தான் குழி போடுது. அவங்களுக்கே அப்படி.

தோட்டத்துல கிடங்கு வெட்டும்போது சில காசு கிடைச்சுது, நடுவுல ஓட்டை போட்டது ரெண்டு, அம்மன் உருவம் போட்ட குட்டிக் காசு ஒண்ணு, சிங்கம் போட்ட பெரிய செப்புக்காசு ஒண்ணு. புளி போட்டுத் தேச்சா பளிச்சுன்னு ஆயிரும்னு வீட்ல சொல்றாங்க. என்ன விலைக்குப் போகும்?
– விவசாயி, ஆத்தங்குடி பக்கம்

புளியைத் தொடாதீங்க! எலுமிச்சை, சபீனா, பிரஷ் எதுவும் வேணாம். செப்புக்காசு மேல பச்சையாவோ பழுப்பாவோ படிஞ்சிருக்கே, அதுதான் அந்தக் காசுக்குத் தோல், அதைப் புளி தின்னுரும், குத்துவிளக்கு மாதிரி மின்னும், எழுத்து மழுங்கிரும், சேகரிக்கிறவங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப்போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி, மண்ணு தானா இளகினதும் மூங்கில் பல்குத்தி குச்சியால மெதுவா நீக்குங்க. அவசரப்படாதீங்க.

ஓட்டைக் காசு 1943-ல இருந்து 47 வரைக்கும் அடிச்ச காலணா. சண்டைக் காலத்துல செம்பை மிச்சம் பிடிக்க நடுவுல ஓட்டை போட்டுட்டாங்க, நிறைய அடிச்சதால மதிப்பு கம்மி, ஆனா வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா காட்டுங்க, அதைக் கயித்துல கோத்து அரைஞாண்ல கட்டி விளையாடின கதை வரும். அம்மன் காசு நம்ம புதுக்கோட்டை சமஸ்தானத்தோடது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்குல "விஜய". நவராத்திரில அரிசி தானம் குடுக்குறப்ப இதையும் சேத்துக் குடுத்திருக்காங்க. விரல் நகம் அளவுதான் இருக்கும், மிஷின் பல தடவை இதைத் தாண்டிப் போயிரும், உங்க கண்ணுல பட்டது அதிர்ஷ்டம்.

சிங்கம் போட்ட செப்புக்காசு கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மெட்ராஸ் காசா இருக்கணும், 10 காசு, 20 காசுன்னு ரோமன் எழுத்துல எக்ஸ் போட்டிருக்கும், 1803 இல்ல 1808-ன்னு வருஷம் இருக்கும், பின்னாடி பாரசீக எழுத்து. இதுல ஒரு கூத்து, இந்த 1808 காசைக் கப்பல் நிறைய ஏத்திக்கிட்டு மெட்ராஸுக்குக் கிளம்பின அட்மிரல் கார்ட்னர்ங்குற கப்பல் 1809 ஜனவரில இங்கிலாந்துக் கரையைத் தாண்டுறதுக்குள்ளயே குட்வின் மணல்திட்டுல மூழ்கிருச்சு. 1980-கள்ல மேல எடுத்தாங்க. நம்ம ஊர் சந்தைக்கு வரவேண்டிய காசு இன்னைக்கும் அங்க உள்ளவங்க சேகரிப்புல புத்தம் புதுசா மின்னிக்கிட்டு இருக்கு.

விலைக்கு வருவோம். 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ம் வருஷத்து தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும். அதை வியாபாரமா விக்க லைசென்ஸ் வேணும், வெளிநாட்டுக்குத் தனி ஆள் கொண்டு போகவே முடியாது, மலேசியா அத்தான் ஆசையா கேட்டாலும் குடுத்து அனுப்பாதீங்க, ஏர்போர்ட்ல அவர் மாட்டிக்குவார். அதோட மேல சொன்ன 1878 சட்டமும் இருக்கு, மண்ணுக்குள்ள கிடைச்சதால ஒரு மனு எழுதி தாசில்தார் வழியா கலெக்டருக்கு அனுப்பிருங்க. மனு நகல்ல சீல் வாங்கி வெச்சுக்குங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைல கொண்டு போய் விலை விசாரிக்கிறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சா உங்களுக்கு ராத்திரி தூக்கம் வரும். காசைப் பத்தித் தெரிஞ்சுக்க ஆசைன்னா திருக்கோகர்ணத்துல இருக்குற புதுக்கோட்டை மியூசியத்துக்குப் போங்க, 1910-ல ஆரம்பிச்சது, நாணயங்களும் வெச்சிருக்காங்க.

உழும்போது பெரிய பானை வாய் மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. உள்ள இரும்பு இருக்குறதா பையன் மிஷின் வெச்சுச் சொல்றான். எடுத்துப் பாக்கவா?
– பெயர் வேண்டாம், திருப்பத்தூர் தாலுகா

எடுக்காதீங்க. அது முதுமக்கள் தாழியா இருக்க வாய்ப்பு நிறைய, உள்ள இருக்குற இரும்பு கத்தியோ ஈட்டியோ. உங்களுக்கு அது துருப்பிடிச்ச கம்பி, ஆனா அது எந்தப் பானைக்குப் பக்கத்துல, எந்த எலும்போட, எவ்வளவு ஆழத்துல கிடந்துச்சுங்குறதுதான் விஷயமே, வெளிய தூக்கிட்டா அதுல பாதி செத்துப் போயிரும். ஒரு உதாரணம் சொல்றேன். 1898-ல புதுக்கோட்டை சமஸ்தானத்துல கருக்காக்குறிச்சில 501 ரோமன் தங்கக்காசு ஒரே இடத்துல கிடைச்சுது. பெரும்பாலான காசுல ராஜா தலை மேல உளியால ஒரு வெட்டு. ஏன் வெட்டினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. காசு கிடைச்சுது, அதைச் சுத்தி இருந்த மண்ணு என்ன சொல்லியிருக்கும்னு கேக்கத்தான் ஆள் இல்லாமப் போச்சு.

ஏரை அந்த மூலைக்கு விடாம நிறுத்திட்டு, போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.கிட்ட எழுதிக் குடுங்க. நிலத்தைப் பிடுங்கிருவாங்கன்னு பயப்படுறீங்கன்னு எழுத்துலயே தெரியுது. ஒரு தாழி வந்ததுக்காக யாரும் பட்டாவைக் கேக்க மாட்டாங்க.

பழைய வீடு பிரிச்ச பர்மா தேக்கு வாங்கி அறுத்து விக்கிறோம். உள்ள ஆணி இருந்து ரம்பப் பல்லு போயிருது. இந்த மிஷின் எங்களுக்கு உதவுமா?
– மர வியாபாரி, காரைக்குடி

இந்தக் கடிதாசிகள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது உங்க கேள்விதான். பெரிய மிஷின் வேணாம், மேல சொன்ன பின்பாயிண்டர், இல்ல வாசல்ல செக்யூரிட்டி பிடிச்சிருப்பாரே அந்த மாதிரி கைமிஷின் போதும். மரத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பி உரசிப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் பாத்தா ஆழத்துல முறிஞ்சு நிக்கிற ஆணி தப்பிரும். கத்துற இடத்துல சாக்பீஸால வட்டம் போட்டுட்டு பிடுங்குங்க, பிடுங்கினதுக்கு அப்புறம் அதே இடத்தை மறுபடி ஒரு தடவை பாருங்க, பழைய தச்சர்கள் ஒரே ஓட்டைல ரெண்டு ஆணி அடிச்சிருப்பாங்க. அறுக்குற மேடையே இரும்புன்னா மரத்தைத் தள்ளி மரக்கட்டை மேல வெச்சுச் சோதிக்கணும். ஒரு ரம்பம் தப்பிச்சா மிஷின் காசு வந்துரும்.

பையனுக்குப் பத்து வயசு, பிறந்த நாளுக்கு இதுதான் வேணுமாம். வாங்கிக் குடுக்கலாமா?
– ஒரு அம்மா, தேவகோட்டை

தாராளமா. வாங்கின உடனே வெளிய அனுப்பாம கொல்லைல ஒரு ஓரத்துல அஞ்சாறு சாமானை வெவ்வேறு ஆழத்துல புதைச்சு வெச்சு, மேல குச்சி நட்டு நம்பர் எழுதச் சொல்லுங்க: ஒரு ஆணி, ஈயப் பேப்பர் உருண்டை, பழைய செப்புக்காசு, உங்க வெள்ளி மெட்டி, இப்ப இருக்குற ஒரு ரூபாய், அஞ்சு ரூபாய். ஒவ்வொண்ணுக்கும் மிஷின் என்ன சத்தம், என்ன நம்பர்னு நோட்டுல எழுதட்டும். நம்ம இப்பத்திய ஒரு ரூபாயும் ரெண்டு ரூபாயும் காந்தத்துல ஒட்டுற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதனால மிஷின் அதை இரும்புப் பக்கம் தள்ளிரும், பித்தளை மாதிரி மஞ்சளா வர்ற அஞ்சு ரூபாய் தனியா கணீர்னு கேக்கும், பையனே கண்டுபிடிக்கட்டும், நீங்க முன்னாடியே சொல்லிறாதீங்க. மழை பேஞ்ச மறுநாள் அதே குச்சிங்க மேல மறுபடி ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க, ஈரத்துல நம்பர் மாறும். கொல்லைல மோட்டருக்குப் போற கரண்ட் ஒயர் மண்ணுக்கடில எந்தப் பக்கம் போகுதுன்னு முதல்ல காட்டிக் குடுத்துருங்க. அந்தக் கோட்டுல மட்டும் களைக்கொத்தி படக் கூடாது.

மெட்டியை எந்தக் குச்சிக்கு அடில வெச்சீங்கன்னு நீங்களும் ஒரு தாள்ல எழுதி வெச்சுக்குங்க.